கோவளத்தில் தம் போட்ட பிரியாணி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் இனி நான் தின்கிற மீனெல்லாம் வெறும் முள்ளாகப் போகட்டும்!

படூர் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஜலாலுதீனுக்கு பிக்னிக் என்றால் உயிர். வாரமெல்லாம் லிஃப்டில் முறைத்துக்கொள்ளும் ஜனம், கடற்கரையில் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் சொந்தக்காரர்களாகிவிடுமாம். "காத்துல நாலு பேரோட துன்னா கஞ்சிகூட பிரியாணிதான்" என்பார்.

"துன்றவங்களுக்கு! விடிகாலைலேருந்து அடுப்புல வெந்துகினு கெடக்கறவளுக்கு?" என்றாள் மனைவி ஃபக்ருன்னிசா.

"இன்னா பெரிய அடுப்பு? இந்த வாட்டி கோவளத்துல நானே ஆக்கறேன். ஜனம் அசந்து போகலைன்னா, இனி ஞாயித்துக்கிழமை சமையல் என்னுது!"

"அசந்துட்டா?"

"எனக்கு வெந்நி வைக்கத் தெரியாதுன்னு நீ இனிமே வாயத் தொறக்கக் கூடாது."

"சரிங்க."

அவள் இத்தனை சீக்கிரம் சரி சொன்னால் மனுஷன் உஷாராக வேண்டாமா? மார்பை நிமிர்த்தினார். வெந்நீர் வைக்கத் தெரியாது என்பது நிஜம்தான்.

கோவளம் வந்ததும் பக்கத்து வீட்டு ரஞ்சித்குமார் குடும்பத்தையும் சேர்த்து எல்லோரையும் அலைப்பக்கம் விரட்டினார்.

"தம் போடறப்ப யாரும் பாக்கக் கூடாது. கண்ணு பட்டுடும்!"

சவுக்குத் தோப்பில் தீ மூட்டினார். மனைவி இறுக்கிக் கட்டித் தந்த கறிப்பெட்டியைப் பிரிக்காமலே கார் சீட்டுக்கடியில் தள்ளினார். அண்டாவோடு மெயின் ரோட்டுப் பிரியாணிக் கடைக்குப் பறந்தார். நிரப்பி வந்து, மூடியை மாவால் ஒட்டி, மேலே தணலைப் பரப்பி, முகத்திலும் கொஞ்சம் கரி பூசிக்கொண்டார்.

மூடியைத் திறந்தபோது அடித்த மணத்தில், கடலுக்குப் போன நாலு படகு கரைக்குத் திரும்பிவிட்டது. நானே பார்த்தேன்.

"பாய், இன்னா கைப்பக்குவம்! கறி பஞ்சு மாதிரி கீது!" என்றான் ரஞ்சித்குமார். அவன் மனைவி விஜயகுமாரி மூன்றாம் தடவை தட்டை நீட்டினாள்.

ஜலாலுதீன் தாடியைத் தடவியபடி மனைவி பக்கம் திரும்பினார். "இன்னா சொல்றே?"

அவள் காதோடு சொன்னாள். "அருமைங்க. ஆனா கறி நம்ம வூட்டு ஃப்ரிட்ஜ்லயே கீது. பெட்டியில வெறும் ஐஸ்தான் வச்சேன். இந்த ஆடு படூர்லேருந்து தானா நடந்து வந்துச்சா?"

அவருக்குப் புரையேறியது. "யார்கிட்டயும் சொல்லிடாதே!"

"மாட்டேன். ஞாயித்துக்கிழமை?"

"என்னுது."

அவள் எழுந்து நின்று கையைத் தட்டினாள். "எல்லாரும் கேளுங்க! அடுத்த பிக்னிக் கடப்பாக்கம் கோட்டையில. அங்க பக்கத்துல கடை கண்ணி இருக்காது. இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? நம்ம வூட்டுக்காரர்தான் கீறாரே!"

ஜனம் கைதட்டியது. ஜலாலுதீன் இப்போது வெந்நீர் வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் மூச்சுவிட்டுவிடாதீர்கள். கடப்பாக்கத்துக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்.