சொந்தக் குழாய் சரியில்லாத பிளம்பர்

அன்புத் தங்கை டல்சிக்கு,

அல்வர்ஸ்டனிலிருந்து அண்ணன் மெர்வின் எழுதுவது. நானும் உன் அண்ணி நோரீனும் உயிரோடு இருக்கிறோம். ஹோபார்ட்டில் நீயும் உன் பூனைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். உன்மேல் இருக்கும் கோபம் அடுத்த வரியிலிருந்து தொடங்குகிறது.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அண்ணனை விடமாட்டேன் என்று, முதியோர் தசைப்பயிற்சி வகுப்பில் என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்தாயே, நியாயமா? கடற்கரை வரை நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று உன்னிடம் உளறியது என் தப்புதான். டாக்டரும் உன் கட்சி. "ரத்தக் குழாயெல்லாம் விறைச்சுக் கெடக்கு மெர்வ். தசைக்கு வேலை குடுத்தா ரத்தம் நல்லா ஓடும், குழாயும் கொஞ்சம் நெகிழ்ந்து குடுக்கும்" என்றார். வாழ்நாள் முழுக்கப் பிளம்பராக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா? "குழாய் கெட்டா நாங்க மாத்துவோம் டாக்டர், வீட்டுக்காரரைப் பளு தூக்கச் சொல்ல மாட்டோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பிரஷரை இன்னொரு தடவை பார்த்தார்.

வகுப்பு சர்ச் கூடத்தில். சொல்லிக்கொடுப்பவள் டீகன் என்ற சின்னப் பெண். ஆளுக்கொரு ரப்பர் பட்டையைக் கொடுத்து, அசையாத எதிலாவது மாட்டி இழுக்கச் சொன்னாள். நான் மாட்டியது டீ மேசையின் காலில். மூச்சைப் பிடித்து ஒரே இழு. மேசை என் பின்னாலேயே வந்தது, பாதிரியார் மனைவி செய்த லாமிங்டன் கேக் முழுவதும் தரையில் உருண்டது, "மூச்சை அடக்காதீங்க மெர்வ், பிரஷர் ஏறிடும்! இழுக்கும்போது வெளிய விடுங்க!" என்று டீகன் கத்த, பக்கத்திலிருந்த கீத் கிழவன் "அவன் அப்பவே விட்டுட்டான்மா, ஜன்னலைத் தெற" என்றான். கூடமே சிரித்தது. இத்தனை அவமானத்துக்குப் பிறகும் உனக்குப் பயந்து குளிர்காலம் முழுக்கப் போய்வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நோரீன் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். போன வருஷம் தோட்டத்தில் விழுந்தபோது என்னால் தூக்க முடியாமல், ஆம்புலன்ஸ் வரும்வரை மழையில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்த நினைப்பு வந்துவிட்டது. "நீ தூக்காத மெர்வ், ரெண்டு பேரும் போய்ச் சேந்துடுவோம்" என்றாள். எங்கும் அடி இல்லை என்று பார்த்துக்கொண்டேன். முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டு, தூக்கினேன். வந்துவிட்டாள், டல்சி! தொட்டி விளிம்பில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்தன்னிக்கே முதுகு வலின்னு என்னைத் தூக்காதவன் நீ" என்றாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. எனக்கே கண் தெரியவில்லை.

இப்போது கடற்கரை வரை நிற்காமல் நடக்கிறேன். மனைவியையும் தூக்கியாகிவிட்டது. இனி எதற்கு வகுப்பு? நிறுத்திவிட்டேன். டீகனிடம் நீயே போனில் சொல்லிவிடு, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

உன் முழங்கால்களுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அண்ணியின் அன்பும் என் மிச்சக் கோபமும் உனக்கு.

அண்ணன்,
மெர்வின்

பி.கு.: டீகனிடம் எதுவும் சொல்லிவிடாதே. என் பின்னால் நின்று நோரீன் இதைப் படித்துவிட்டாள். "நிறுத்தப் போறியா? நாளைக்கு நீ விழுந்தா உன்னை யாரு தூக்குறது?" என்று கேட்டவள், அங்கேயே போன் செய்து தானும் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இப்போது என் பட்டையைக் கதவுப்பிடியில் மாட்டி இழுத்துக்கொண்டிருக்கிறாள். கதவை நான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். போகிறேன்.