பிரதிநிதிக்குப் பசிக்கிறதா?

பசியை ஒழிக்கப் பாடுபட்டவர்கள் சரித்திரத்தில் ஏராளம். ஆனால் அதை மாதம் இருமுறை, ஏசி அறையில், தண்ணீர் பாட்டிலும் குறிப்பேடுமாக உட்கார்ந்து ஒழித்தவர்கள் ‘உணவு நீதிப் பேரவை’யினர் மட்டுமே. பெரிய ஹோட்டல்களின் செஃப்கள் பதினொரு பேர், சமூக சேவைக் குழுக்காரர்கள் ஒன்பது பேர், லட்சியம் ஒன்றே ஒன்று. இப்படி ஒரு பேரவை கிடைக்க அந்த ஊர் என்ன புண்ணியம் செய்ததோ!

பேரவையின் மகுடம் அதன் ஏழாவது விதி: ‘பசித்த ஒருவரின் சம்மதம் இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது.’ எவ்வளவு பெரிய மனசு இருந்தால் இப்படி எழுதத் தோன்றும்!

அந்தப் பசித்த ஒருவராக, தெருவின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர்தான் மூட்டைக்காரர். அவர் மூட்டை தூக்கிய கிடங்கை மூடி மூன்று மாதமாகிறது. அவர் தெருவில் நாற்பத்து மூன்று வீடுகள். அத்தனை வீட்டுப் பிழைப்பும் கிடங்கோடு போயிற்று. இப்போது அந்தக் காலிக் கிடங்கில் பொதுச் சமையலறை தயார். அடுப்பு வந்துவிட்டது, அண்டா வந்துவிட்டது, அரிசிகூட வந்து இறங்கிவிட்டது. சாவி மட்டும் பேரவையிடம். தீர்மானம் நிறைவேறினால் அன்று மாலையே உலை வைத்துவிடலாம்.

“ஏங்க, இன்னிக்கு சாவி இல்லாம வீட்டுப் பக்கம் வந்துராதீங்க. புள்ளைங்க ஜன்னல் வழியா அண்டாவ எட்டி எட்டிப் பாத்துட்டு வருதுங்க” என்று மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்.

முந்தின நாள் மதியத்திலிருந்து அவர் வயிற்றில் வெறும் தண்ணீர். ஆகவே தகுதிக்கு ஒரு குறையுமில்லை.

பேரவைக்கு ஒரு மரபு உண்டு. தீர்மானத்துக்கு முன்னால் செஃப்கள் ஆளுக்கொரு மாதிரி உணவு வைப்பார்கள். முதல் வாய் பசித்தவருக்கே. தலைமை செஃப், ஒரு முழத் தொப்பி ஆடாமல் நடந்து வந்து, பெரிய வெள்ளைத் தட்டை வைத்தார். நடுவில் ஒரு கரண்டிக் கஞ்சி. ஓரத்தில் மூன்று இலை.

“அவசரப்படாதீங்க. பசியோட வலிய நாக்கு உணரணும். அதான் இதுல கான்செப்ட்.”

“வலி ஏற்கெனவே இருக்கு சார். கஞ்சிதான் இல்லாம இருந்துச்சு” என்றார் மூட்டைக்காரர். மூன்று இலையும் சேர்ந்து உள்ளே போயிற்று. அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. பதினொன்றையும் வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஒரு செஃப் ஆனந்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரிங்க, தீர்மானத்தப் போட்ருவோமா?” என்றார் மூட்டைக்காரர்.

செயலாளர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “ஒரு ஒழுங்குப் பிரச்சினை. பிரதிநிதிக்கு இப்போ பசிக்குதா?”

மூட்டைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏப்பம் முந்திக்கொண்டது.

“குறிப்புல ஏத்திக்கறேன்” என்றார் அம்மா.

“மேடம், ஒரு நாலு மணி நேரம் பொறுங்க. தானா பசிச்சுரும். அதுல எனக்கு நல்ல பழக்கம்.”

“நாலு மணி நேரமா? அதுவரைக்கும் எங்களுக்குப் பசிக்காதா?”

நியாயமான கேள்வி. கூட்டம் இரண்டு வாரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அடுத்த முறை மூட்டைக்காரர் உஷார். இரண்டு நாள் பட்டினியோடு வந்து, தட்டுகளைக் கண்ணாலும் தொடவில்லை. அவர் மனம் நோகக்கூடாதென்று உறுப்பினர்களே அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டு உதவினார்கள்.

“இப்பப் போடலாமா மேடம்?”

செயலாளர் அம்மா முகம் வெளிறியிருந்தது. “இப்பத்தான் எனக்கு உறைக்குது. சமையலறையத் திறந்துட்டா அந்தத் தெருவுல யாருக்கும் பசிக்காது. அப்புறம் பசிச்சவர்னு யார உக்கார வெப்போம்? விதி ஏழுப்படி பேரவையே செல்லாமப் போயிருமே!”

தலைமை செஃப் சரித்திரத்தில் முதன்முறையாகத் தொப்பியைக் கழற்றினார். பிறகு அவருக்கே அந்த மகத்தான யோசனை உதித்தது: தெருவைப் ‘பசிப் பாதுகாப்புப் பகுதி’யாக அறிவிப்பது. யாரும் உள்ளே சமைக்கக்கூடாது. வெளியாட்கள் உணவு போடக்கூடாது.

“கலப்படமில்லாத பசி சார் இது. நாம காப்பாத்தலன்னா வேற யார் காப்பாத்துவா?”

“சார், நாங்க மனுசங்க சார்! அடுப்பு இருக்கு, அரிசி இருக்கு, சாவியக் குடுங்க, போதும்.”

“உணர்ச்சிவசப்படாதீங்க, பிரதிநிதி ஐயா. ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

இருபது கைகள் உயர்ந்தன.

“எதிர்க்கிறவங்க?”

மூட்டைக்காரருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடது கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நூறு கிலோ மூட்டையைத் தூக்குவதுபோல் வலது கையைத் தூக்கினார். பசித்தவரின் சம்மதம் இல்லை, தீர்மானம் செல்லாது. விதி ஏழு!

செயலாளர் அம்மா நிதானமாக எழுதி முடித்து, சபைக்குப் படித்துக் காட்டினார்:

“பிரதிநிதி எதிர்த்துக் கை தூக்கினார். கை தூக்கும் அளவுக்குத் தெம்பு இருந்ததால், அவர் பசித்தவர் அல்ல என்று முடிவாயிற்று. எழுந்து வரவும் தெம்பில்லாத மற்ற நாற்பத்திரண்டு வீட்டாரே உண்மையில் பசித்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.”