சத்தமில்லாக் கதவு போட்ட சைலன்ஸர்

வைகைக்கு இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, சைலன்ஸரைவிடச் சத்தமாகப் பேசும் மனிதர் இன்னும் பிறக்கவில்லை. கோச்சடையில் எங்கள் தெருவில் நின்று அவர் போனில் "வாரேன்" என்று சொன்னால், அலங்காநல்லூர்ப் பக்கம் இருக்கும் அவர் வீட்டில் போன் இல்லாமலே கேட்டு உலை வைத்துவிடுவார்கள் என்று சொல்வோம். அது மிகை. பாதி வழி வரைக்கும்தான் கேட்கும்.

இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவர் செய்த தொழில், கார் ஷெட் கதவுகளுக்குச் சத்தம் வராத தானியங்கி மோட்டார் பொருத்துவது. சின்ன வயதில் ஷட்டர் பட்டறையில் தகரம் தட்டப் போனவர். தகரம் நிமிர்ந்தது, காது பாதி போய்விட்டது. தன் காதைத் தின்ற சத்தத்தை ஊரைவிட்டே ஒழிப்பது என்று கிளம்பியவர்போல இந்த வேலையில் இறங்கியிருந்தார். உண்மைப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. விசிட்டிங் கார்டிலேயே 'சைலன்ஸர்' என்றுதான் அச்சடித்திருந்தார்.

அவரை நான் கூப்பிட்ட காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஷெட்டில் பழைய சுருள் ஷட்டர் இருந்தது. தூக்கினால், கழுதையின் வாலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியதுபோல் ஓலமிடும். அதற்கு நேர் மேலே எங்கள் படுக்கையறை. என் மனைவி ஈஸ்வரி, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து மணி வரை கண்ணயர்வாள். "பாவம், ஷட்டர் சத்தத்தில் அவள் தூக்கம் கெடுகிறது" என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

அது பாதி உண்மை. மீதிப் பாதி பால்பன். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடையில் மூன்றரை மணிக்குச் சுடச்சுடப் பால்பன் பொரித்தெடுப்பார்கள். மேலே சர்க்கரைப் பாகு உறைந்து கண்ணாடிபோல் நொறுங்கும், உள்ளே பஞ்சு. எனக்குச் சர்க்கரை நோய். மூட்டுவலியால் பஸ் ஏற முடியாது. காரை எடுக்கலாமென்றால் ஷட்டர் ஓலமிட்டுக் காட்டிக்கொடுக்கும். கல்லூரியில் வாழ்நாள் முழுக்க வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். கோட்டைகள் விழுந்ததெல்லாம் வாசல் கதவால்தான் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் வந்த சைலன்ஸர் ஷட்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மோட்டார் எம்புட்டு வேணாலும் இருக்கு சார். முதல்ல இதச் சொல்லுங்க. யாருக்குத் தெரியாமப் போகணும்?"

நான் ஷட்டரைக் கை காட்டினேன். அவரே விளக்கினார். சத்தமில்லாக் கதவு கேட்பவர்களில் பாதிப் பேர் திருட்டுத்தனக்காரர்களாம். அப்பாவுக்குத் தெரியாமல் சீட்டாடப் போகிற மகன், கடன்காரன் கண்ணில் படாமல் வீட்டுக்குள் நுழைகிற வியாபாரி, இப்படி. விஷயம் தெரிந்தால் அந்த நிமிடமே கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். "தூங்குறவுங்களுக்குத்தான் நான் கதவு போடுறது. நழுவுறவுங்களுக்கு இல்ல."

வகுப்பறைக் குரலில், என் மனைவி நிம்மதியாகத் தூங்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே தெருமுனை டீக்கடையில் இதை உரக்கச் சொல்லியிருக்கிறார். அவர் உரக்கச் சொன்னால் அது அறிவிப்பு. ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவின் முன்மாதிரிக் கணவன் ஆனேன். பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களிடம் என்னைக் காட்டித் திட்டினார்கள். ஆண்கள் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள்.

மோட்டார் வாங்க என்னையும் டவுனுக்கு இழுத்துப்போனார். மோட்டார் கடையின் விற்பனைப் பையன், ஒவ்வொரு மோட்டாராக ஓட்டிக் காட்டினான். சைலன்ஸர் சட்டைப்பையிலிருந்து நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுமுனையை ஓடுகிற மோட்டாரில் வைத்துக் கண்ணை மூடினார். பார்ப்பதற்கு எந்திரத்துக்கு முத்தம் கொடுப்பதுபோல் இருந்தது. கடைக்கு வந்திருந்த ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது.

"அண்ணே, ஷாக் அடிக்கப்போகுது. எடுங்கண்ணே."

"மாப்ள, காது பொய் சொல்லும். பல்லு சொல்லாது" என்றார் சைலன்ஸர், வாயில் இருந்ததை எடுக்காமலே.

சங்கிலி இழுக்கும் மோட்டாரைக் கடித்ததும் முகம் சுளித்தார். பல்லெல்லாம் ஆடுகிறதாம். கதவு திறக்கும்போது பாட்டுப் பாடுகிற ஒன்றைப் பையன் பெருமையாகக் காட்டினான். கார் ஷெட்டா கல்யாண மண்டபமா என்று கேட்டு அதை ஒதுக்கினார். கடைசியில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் ஒன்றைக் கடித்தவர், கடித்தபடியே நெடுநேரம் நின்றார். தூங்கிவிட்டாரோ என்று பயந்து தோளைத் தொட்டேன். "சார், வெண்ணெ" என்றார்.

ஷட்டரைக் கழற்றிவிட்டு, பலகை பலகையாக மடங்கி மேல்கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் கதவாகப் போடலாம் என்றார். நைலான் சக்கரம், மோட்டாருக்கும் கூரைக்கும் நடுவே கட்டி ரப்பர். கான்கிரீட் வழியாக ஒரு அதிர்வுகூட மேலே இருக்கும் கட்டிலுக்குப் போகக் கூடாதாம். அவர் சொன்னதெல்லாம் நியாயம்தான். செய்ததெல்லாம் அப்படி இல்லை. கூரையில் துளை போட்டபோது அதற்குள் ஓடிய மின்கம்பியையும் சேர்த்துத் துளைத்துவிட்டார். மேலே படுக்கையறை ஃபேன் நின்றது. ஈஸ்வரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்களாம்மா, ஃபேன் சத்தமும் போச்சு" என்றார், அதுவும் சேவையில் அடக்கம் என்பதுபோல.

கதவு பொருத்தியபின் பரிசோதனை. இது அவருடைய தனி வழக்கம். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வழக்கமாகப் படுக்கும் இடத்தில், வழக்கமாகத் தலை வைக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு, அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தையே பார்வையால் அடக்கிய என் மனைவி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். பக்கத்தில் நான். பேப்பர் இரவல் வாங்க வந்த எதிர்வீட்டுக்காரரையும் சைலன்ஸர் விடவில்லை. அவர் ஹால் சோபாவில் மல்லாந்தார்.

"கேக்குதா?" என்று கீழேயிருந்து குரல்.

"உங்க குரல்தான் தம்பி கேக்குது" என்றாள் ஈஸ்வரி. அது அவருக்குக் கேட்கவில்லை. ஆகவே இன்னும் உரக்கக் கேட்டார். கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம். கதவுச் சத்தம் கேட்டால் ஈஸ்வரி அவருக்கு மிஸ்டு கால் கொடுப்பது, சட்டைப்பையில் போன் அதிர்ந்தால் அவர் சக்கரத்தை மறுபடி சரிசெய்வது. போன் அதிர்ந்தது, அதிர்ந்தது, பிறகு அதிரவே இல்லை. மேலே ஏறி வந்து பார்த்தார். ஈஸ்வரி நிஜமாகவே தூங்கியிருந்தாள்.

"தூங்கிட்டாங்க சார்" என்று ரகசியமாகச் சொன்னார். அதில் எதிர்வீட்டுக்காரர் சோபாவிலிருந்து விழுந்தார். ஈஸ்வரியும் எழுந்துவிட்டாள். வந்தவருக்குக் காப்பி கொடுத்தாள். "சீனி இல்ல தம்பி. சாருக்கு ஆகாதுன்னு இந்த வீட்டுல சீனியே வாங்குறது இல்ல" என்றாள்.

அதன்பின் என் வாழ்வில் ஒரு பொற்காலம். ரிமோட்டை அழுத்தினால் கதவு மூச்சுக்கூட விடாமல் மேலேறும். எஞ்சினைப் போடாமலே வண்டியைச் சரிவில் தெருவரைக்கும் உருட்டிவிடுவேன். ஈஸ்வரி எழுந்து முகம் கழுவும் முன்னே, மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

ஆனால் ரத்தத்துக்கு ரிமோட் கிடையாது. சர்க்கரை ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ஈஸ்வரிக்குப் புரியவில்லை. தன் சமையலில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினாள். அரிசியை நிறுத்தினாள், உருளைக்கிழங்கை நிறுத்தினாள், எனக்கில்லாத சோறு தனக்கும் வேண்டாமென்று அவளும் என்னோடு கேழ்வரகுக் கூழைக் குடித்தாள். அடுத்த பரிசோதனையில் இன்னும் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டுத் தப்புப் பண்றேன்னே தெரியலீங்க" என்றாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மறுநாள் மூன்றரைக்குத்தான் திறந்தேன்.

அன்றுதான் பிடிபட்டேன். ஏதோ ஒரு ஊருக்கு பஸ்ஸில் மோட்டார் பார்சல் போட வந்த சைலன்ஸர், நிலையத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். "சார், கதவு எப்புடி ஓடுது? அம்மா நல்லாத் தூங்குறாங்களா?"

புறப்பட்ட பஸ்கள் நின்றன. என் வாயில் பால்பன். அவர் பக்கத்தில் வந்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சைலன்ஸர் மௌனமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"இதுக்காகவா சார் நான் பல்லு ஆட ஆட மோட்டார் பாத்தேன்?" என்றார் கடைசியில். ஈஸ்வரியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினார்.

"சொல்லணும்னுதான் இருக்கு. ஆனா எனக்கு மெதுவாச் சொல்ல வராது சார். நான் சொன்னா தெருவுக்கே கேட்டுரும், அம்மாவுக்கு அசிங்கம். நீங்களே சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். மறுநாள் போன் செய்து, சொல்லியாயிற்றா என்று கேட்டார். மொட்டைமாடிக்கு ஓடி, நாளைக்கு என்றேன். அதற்கு மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் இருந்தேன். ஓடுவதற்கு மூட்டு ஒத்துழைக்கவில்லை. போனைக் காதோடு அழுத்தி எடுத்தும் பயனில்லை.

"என்னா சார், பால்பன் விஷயத்த அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா இல்லையா?"

அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. ஈஸ்வரி வந்து வாசற்படியில் நின்றாள். "என்ன பால்பன்?"

சொன்னேன். கடை, நேரம், கதவு, அவள் தூக்கம், எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னேன். போனை அணைக்க மறந்திருந்தேன். "கேக்கலையே சார், சத்தமாச் சொல்லுங்க" என்றது அது. என்ன செய்ய? ஆரம்பத்திலிருந்து மறுபடியும், சத்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

தலைமையாசிரியையின் தண்டனைக்குத் தயாராக இருந்தேன். அவள் அடுப்பை மட்டும் அணைத்தாள். "உங்களுக்காக நான் என்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டில் சாப்பாடு வந்தது, மாத்திரை வந்தது, வார்த்தை வரவில்லை. அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். எதற்கும் இடம் கொடுக்கவில்லை. இந்த வயதில் நான் சம்பாதித்து வைத்திருந்தது அவள் நம்பிக்கை ஒன்றைத்தான். அதை மாவில் பிசைந்து எண்ணெயில் போட்டுவிட்டேன்.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்போல, சைலன்ஸர் வந்தார். சக்கரத்தைப் பார்க்க வந்தேன் என்றார். சக்கரத்தைப் பார்க்காமல் ஹாலில் எங்கள் இருவருக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒன்றுமே கேட்காதபோது, "அம்மா, சார் காப்பி கேக்குறாரு" என்று முழக்கினார். "வச்சிருக்கேன்னு சொல்லுங்க தம்பி" என்றாள் அவள், எனக்கு எட்டடி தூரத்தில் இருந்துகொண்டு. "வச்சிருக்காங்களாம் சார்" என்று அவர் என் செவிப்பறையில் அறைந்தார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். எங்கள் இருவர் பங்குக்கும் சேர்த்து அவரே பேசினார். கொள்ளுப் பயறு சர்க்கரைக்கு நல்லதாம், என்னிடம் சொல்லி, அவளிடம் சொல்லி, எதிர்வீட்டுக்கும் சொன்னார். ஒருநாள், தான் கோயிலில் ரகசியமாகப் பிரார்த்தனை செய்யப்போய் அந்தச் சத்தத்தில் அர்ச்சகர் மணியைக் கீழே போட்ட கதையைச் சொன்னார். ஈஸ்வரி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, பழக்கத்தில், என் பக்கம் திரும்பினாள்.

திரும்பியபின் முகத்தை மாற்றிக்கொள்ள அவளுக்கு நேரமில்லை.

"போதும் தம்பி, காது வலிக்குது" என்றாள். "இனி நானே அவர்கிட்டப் பேசிக்கிறேன்."

சைலன்ஸர் அன்று போனவர்தான். வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார். கதவு இன்றும் வெண்ணெயாக ஓடுகிறது. சாயங்காலங்களில் நானும் ஈஸ்வரியும் ஷெட்டில் போய் நின்று, ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்க்கிறோம். சின்னதாக ஒரு கோளாறு வந்தால்கூடப் போதும், அவரைக் கூப்பிட்டுவிடலாம்.