கார் அழுகிறது, கட்டணம் கட்டுங்கள்

அந்தக் கார் விற்பனை நிலையத்தில் கார் வாங்க வந்தவர்களைவிடக் காருக்குக் குறி கேட்க வந்தவர்கள்தான் அதிகம். பழுதுபார்க்கும் கூடத்தில் தொடங்கிய வரிசை வாசலைத் தாண்டித் தெரு வரை நீண்டிருந்தது. எல்லாரும் படித்தவர்கள். படிக்காதவர்களாக இருந்திருந்தால் நேராக மெக்கானிக்கிடம் போயிருப்பார்கள்.

உள்ளே வண்டிச் சித்தர் எழுந்தருளியிருந்தார். நிலைய மேலாளர் எங்கிருந்தோ கண்டெடுத்து வந்த மாணிக்கம். காரைச் சாம்பல் நிற உறையால் அடி வரை மூடிவிடுவார்கள். சித்தர் கண்ணால் பார்க்கமாட்டார். உறைமேல் உள்ளங்கையை வைத்தால் போதும், காரின் மனக்குறை அவருக்குக் கேட்டுவிடுமாம். கேட்டதென்னவோ எப்போதும் ஒன்றுதான்: கோளாறு காரில் இல்லை, காரை உடையவரின் மனத்தில் இருக்கிறது! கோபக்காரர் ஓட்டினால் எஞ்சின் சூடாகும். பேராசைக்காரர் ஓட்டினால் பெட்ரோலைக் குடிக்கும். மனக்கோளாறுக்கு ஏது வாரண்டி? ஆகவே பழுதுக்கும் நாமே கட்ட வேண்டும், பரிகாரத்துக்கும் நாமே கட்ட வேண்டும்.

அன்று வரிசையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஆசிரியை ஒருவர் நின்றார். பக்கத்தில் அவர் கணவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வை தருகிறவர், சித்தர் விஷயத்தில் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஆசிரியையின் புதுக் கார் இங்கே சர்வீசுக்கு வந்தபோது முழுசாக இருந்தது. திரும்பியபோது இடது கதவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் மஞ்சள் பெயின்ட். பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. அந்த வண்டியில் மாணவர்களை ஏற்றமாட்டேன் என்று அவர் வகுப்பை நிறுத்திவிட்டார். அவரிடம் இருப்பது அந்த ஒரே கார்தான். அது ஓடாவிட்டால் ஸ்கூலுக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

மேலாளரிடம் முன்பே கேட்டுப் பார்த்தாயிற்று.

"உங்க தூண்ல இருக்கிற அதே மஞ்சள்தாங்க என் கதவுல இருக்கு."

"தூண் நடந்து வந்தா இடிக்கும்? உங்க வண்டி மேல யாரோ கண்ணு வச்சிருக்காங்கம்மா. சித்தரைப் பாருங்க."

கணவருக்கு இதில் முழுத் திருப்தி. "பரிகாரத்தை முடிச்சிட்டுப் போயிடலாமே. கை வச்ச உடனே புட்டுப் புட்டு வைக்கிறாராம்!"

"கவுன்டர்ல நாம சொன்னதைத்தானே திருப்பிச் சொல்றாரு?"

"அது அவருக்கு எப்படித் தெரியும்?"

"பாத்துடலாம். நீங்க நில்லுங்க, வந்துடுறேன்."

ஆசிரியை நேராக முன்பக்கக் கூடத்துக்குப் போனார். அவருடைய காரைப் போலவே வெள்ளையாக ஒரு கார் விற்பனைக்கு நின்றது. சீட்டின் பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. ஓட்டிப் பார்க்கலாமா என்றார். விற்பனையாளர் பல்லெல்லாம் தெரியச் சாவியைக் கொடுத்துப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ரிவர்ஸில் வந்து, அடுத்துத் தம் கார் நிற்க வேண்டிய, சித்தர் குறி சொல்லும் இடத்தில் அளவெடுத்த மாதிரி நிறுத்தினார் ஆசிரியை.

"அடடா, என்ன கை மேடம்!" என்று வியந்த விற்பனையாளர், தள்ளுபடி விவரம் எடுத்துவர ஓடினார். அந்த இடத்தில் எது நின்றாலும் மூடுவதுதான் உறை போடுகிறவர்களின் வேலை. மூடினார்கள்.

ஆசிரியையின் முறை வந்தது. மேலாளர் பணிவாகக் குனிந்து சித்தரின் காதில் ஏதோ ஓதினார். ஆசி கேட்கிறார் என்று கூட்டம் உருகியது. சித்தர் கையை வைத்தார். உடம்பு நடுங்கியது.

"ஐயோ, அழுவுதே! இடது கதவுல பள்ளம். பொறாமை பட்ட காயம்! பிரேக் இடது பக்கம் இழுக்குது. இது காரு இல்ல, எமன்! பரிகாரம் பண்ணாம ஏறினா உயிருக்கு உத்தரவாதம் இல்ல!"

கண்ணாடிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆசிரியை உறையை உருவினார்.

பளபளவென்று நின்றது புதுக் கார். கதவில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடியில் விலைச்சீட்டு சிரித்தது.

அந்தக் காரை வாங்குவதற்காகவே வந்திருந்த தம்பதி அலறினார்கள். "எமனையா எங்களுக்கு விக்கப் பாத்தீங்க?"

ஆசிரியை மேலாளரைப் பார்த்தார். "சொல்லுங்க சார். சித்தர் சொன்னது நிஜம்னா இந்தக் காரை யாரும் வாங்கக் கூடாது. பொய்னா என் காரை நீங்க சும்மா சரிபண்ணிக் கொடுக்கணும். எது?"

மேலாளர் சித்தரைப் பார்த்தார். தம்பதியைப் பார்த்தார். தம்பதி வாசலை நோக்கி நகர்ந்தார்கள்.

"பொய்ங்க! சுத்தப் பொய்! அந்த ஆளுக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க!"

"யோவ்!" சித்தர் எகிறினார். "கதவு, பிரேக்குனு காதுல ஓதினது நீதானய்யா! உன் தூண்ல இடிச்சதை மறைக்க நான் ஆடணும், இப்ப நான் பொய்யனா?"

ஞானி வாயிலிருந்து முதல்முறையாக ஓர் உண்மை வந்தது. வரிசை கலைந்து மேலாளரைச் சூழ்ந்தது. ஆசிரியையின் காரைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், வலது பிரேக்கின் எண்ணெய்க் குழாய் கசிவதைக் காட்டினார். கதவும் பிரேக்கும் கட்டணமின்றிச் சரியாயின. மறுநாளே வகுப்பு தொடங்கியது. முதல் மாணவர், கண்ணாடிக் கடைக்காரர்.

"முதல் பாடம் என்னம்மா?"

"கண்ணைத் திறந்து ஓட்டுங்க."

சித்தர் என்ன ஆனார் என்கிறீர்களா? தப்பிக்க ஓடிப்போய்த் தம் காரில் ஏறினார். அது கிளம்பவில்லை. கையை வைத்துக் காரின் மனக்குறையைக் கேட்டாரா? இல்லை, மெக்கானிக்குக்குப் போன் போட்டார். சித்தரே நம்பாத சித்தரை நீங்கள் ஏன் ஐயா நம்புகிறீர்கள்?