டிரில் மாஸ்டர் மெதுவாக எழுந்திருக்கிறார்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அது உண்மையாகவும் இருப்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

நீங்கள் அன்போடு வாங்கித் தந்த பிரஷர் மிஷினுக்கு நன்றி. அது வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. என் இதயம் பலவீனம் என்பது பழைய செய்தி. ஆனால் பிரஷர் தொண்ணூறைத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடிக்கும் என்று யார் கண்டது? உங்களுடையது நூற்றைம்பது என்று போனில் சொன்னீர்கள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓடவிட்ட டிரில் மாஸ்டர் நான், உங்களிடம் தோற்பதா? இதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரைதான் பிரஷரை இறக்குகிறது என்று நானே தீர்ப்பெழுதி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெந்நீரில் உப்பைக் கரைத்துக் குடித்தேன். நம்பர் ஏறியது. கூடவே கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. வீட்டுக்காரி உடனே வண்டியைக் கூப்பிட்டாள். உங்கள் வீட்டில் பிறந்திருக்கும் நம் பேரன் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று அன்று நிஜமாகவே பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் உடம்பில் கோத்திருந்த நீரை இறக்கி, மாத்திரைகளை மறுபடி ஆரம்பித்து அனுப்பினார்கள். அடுத்த செக்கப்பில் நர்ஸம்மா என் பேரைக் கூப்பிட்டதும், பழக்கதோஷம், விருட்டென்று எழுந்து அட்டென்ஷனில் நின்றேன். மறுநொடி அவர் தோளில் சாய்ந்து கிடந்தேன். அவர் பதறவில்லை. உட்காரவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். “தொண்ணூறு இருந்தா பரவால்லய்யா, உங்க இதயத்துக்கு அது போதும். நீங்க எந்திரிக்கிற வேகந்தான் தாங்கல. நம்பருக்கு வைத்தியம் பாக்காதீங்க, உங்களுக்குப் பாருங்க” என்றார். காலையில் மொத்தமாக விழுங்கிய மாத்திரைகளை டாக்டர் காலை, இரவு என்று பிரித்தார். நீர் பிரியத் தரும் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். படுக்கையிலிருந்து எழுவதற்கு நர்ஸம்மா சொன்னது: ஒன்று, காலைத் தொங்கப்போடு; இரண்டு, உட்கார்; மூன்று, எழுந்திரு. எனக்கே டிரில் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நன்றாக இருக்கட்டும். உங்கள் நூற்றைம்பதையும் பெருமையாகச் சொன்னேன். உங்களை உடனே டாக்டரிடம் போகச் சொன்னார்.

இந்த வாரம் முழுக்கத் தலை சுற்றாவிட்டால் பிரயாணம் செய்யலாமாம். இதுவரை சுற்றவில்லை. ஞாயிறன்று வந்து பேரனைத் தூக்கிக்கொள்வேன். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், குழந்தைக்கு ஆயிரம் ஆசிகள்.

நன்றி மறவாத,
சம்பந்தி

பின்குறிப்பு: தபால்காரர் மணியடித்தார். விருட்டென்று எழுந்துவிட்டேன். மிச்சத்தைத் தரையில் படுத்தபடி, காலை நாற்காலிமேல் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அடி ஒன்றும் இல்லை. நர்ஸம்மா போனிலேயே பிரயாணத்துக்குத் தடை போட்டுவிட்டார். உட்கார்ந்தபடி பேரனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மடியில் வைத்துக்கொள்ளலாமாம். ஆகையால் ஞாயிறன்று நீங்களே அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வாசலில் உங்களைக் கண்டதும் நான் எழுந்து நிற்காவிட்டால், மரியாதைக் குறைவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.