ரயில் இல்லாத ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர்

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் அங்கே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். அவரைப்போல் ஒருவர் ரயில் ஓடுகிற எந்த ஊரிலும் இருந்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன்.

ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷனில் இருந்தேன், அவர் மேனேஜர். ஊரே அவரை 'டேசன்' என்றுதான் கூப்பிடும். வடக்கே எங்கோ ஒரு மலையில், குறுகலான தண்டவாளத்தில் பொம்மை மாதிரி ஏறும் குட்டி ரயில் பாதை. அதில் நடுக்காட்டு ஸ்டேஷன் ஒன்றில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கத்தான் அங்கே வண்டி நிற்கும். ஆள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

ஏரிக்கு வழி கேட்டு வருபவர்களுக்கும் அவர் அந்த ஸ்டேஷன் சரித்திரத்தைத்தான் சொல்வார்.

"பிளாட்பாரத்து பெஞ்சுல கரடி உக்காந்திருக்குமுங்க. நானும் ஒருநாள்கூட டிக்கெட் கேட்டதில்லீங்க."

மதுரைக் குடும்பம் ஒன்று கதையைப் பாதி கேட்டுவிட்டு, ஸ்டேஷன் இங்கேதான் இருக்கிறது என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பியது. செம்மநத்தம் வரை போய், களத்தில் காபிக்கொட்டை காயவைத்தவர்களிடம் வழி கேட்டிருக்கிறார்கள். "ஏனுங்க, சேலத்துலயே எறங்கியிருக்கணுமுங்க" என்று அவர்கள் பரிதாபப்பட்டு, ஆரஞ்சு கொடுத்து அனுப்பினார்களாம்.

முதலாளி கொதித்துவிட்டார். "இனி ரயில்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா வேற வேலை பாத்துக்குங்க."

டேசன் வாயை மூடிக்கொண்டார். லாட்ஜ் இழவு வீடாகிவிட்டது. சமையல்காரர் என்னிடம் வந்து, "அந்தக் கரடி கதையவாச்சும் சொல்லச் சொல்லுங்க, கையே ஓட மாட்டேங்குது" என்றார்.

அப்போதுதான் வடக்கேயிருந்து கடிதம் வந்தது. பாதை இப்போது பாரம்பரிய ரயிலாகிவிட்டதாம். ஸ்டேஷனில் போர்டு வைக்க, அதன் சரித்திரத்தை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு பக்கம்தானே என்று முதலாளியும் இறங்கி வந்தார்.

டேசன் சொல்ல, நான் டைப் அடித்தேன். நாலே நாளில் முப்பது பக்கம். ஐந்தாம் நாள் அவர் குரல் தாழ்ந்தது.

"கண்ணு, சர்வீசுல ஒரே ஒரு பொய் எழுதியிருக்கேன். ஒருக்கா வண்டிய இருபத்தஞ்சு நிமிசம் நிறுத்திப்போட்டு, தண்டவாளத்துல மாடு படுத்திருக்குதுன்னு ரிஜிஸ்தர்ல எழுதிட்டேன். மாடே இல்ல."

"அப்புறம் எதுக்குங்கய்யா நிறுத்துனீங்க?"

"பட்டாளத்துல இருக்கற பையனைப் பாக்கறதுக்கு சேலத்துல இருந்து ஒரு அப்பாவும் மகளும்..."

வாசலில் தூக்குப்போசி 'டங்'கென்று தரையில் உட்கார்ந்தது. மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி சரோஜா அம்மா நின்றார். அந்த மகள் அவர்தான். திரும்பும் வழியில் மாட்டை நலம் விசாரித்த அப்பா, அப்படியே மாப்பிள்ளையையும் விசாரித்து, கல்யாணத்தையே பேசி முடித்துவிட்டாராம்.

"மாடு இல்லீங்களா?" என்றார் அம்மா. "அதுக்குக் குடுக்கச் சொல்லி எங்கப்பா வெல்லம் குடுத்தாரே, அதை என்ன பண்ணுனீங்க?"

"நாந்தான் தின்னேன்."

அம்மா விறுவிறுவென்று போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. டேசன் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நல்ல குடும்பத்தை டைப் அடித்தே பிரித்துவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மா வந்தார். இலையைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, அன்னைக்கு நீங்க மாட்டைத் தவிர ஒரு வார்த்தை பேசுலியே. வண்டிய நிறுத்திப்போட்டு என்னதான் பண்ணுனீங்க?"

டேசன் இலையைப் பார்த்தபடி சொன்னார். "கேட்டுட்டு இருந்தேன். எட்டு மாசமா தமிழே காதுல உழுகல. புளிச்சோறு கெட்டுப்போச்சா இல்லியான்னு நீயும் உங்கப்பாவும் சண்டை போட்டீங்க. நொம்ப நல்லா இருந்துச்சு, சரோசா."

அம்மா ரசம் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"இதையும் சேத்து அடிச்சிரட்டுங்களா அம்மா?" என்றேன்.

"வேண்டாஞ் சாமி. போர்டுல மாடுன்னே இருக்கட்டும். இது எங்க ஊட்டு விசயம்."

வெட்டிச் சுருக்கி, மாட்டோடு ஒரு பக்கம் அனுப்பினோம். அடுத்த வாரமே பெஞ்சில் கரடி திரும்ப வந்து உட்கார்ந்தது. முதலாளி காதில் விழாதமாதிரி போய்விட்டார்.

பிறகு நான் வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அவர்களும் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி. போன் நம்பரும் மாறிவிட்டது. அவர்கள் வீட்டு விஷயத்தை இப்படிப் பத்திரிகையில் எழுதியது தப்புதான். படித்தால் அம்மா என்னைத் திட்டுவதற்காவது கூப்பிடுவார்.

என் நம்பர் இன்னும் அதேதான்.