அம்மன் பார்த்த வாடகை வீடு

"பொன்னேரிக்குக் குடி போடா தேசப்பா. ஜமுனா வூட்டு மாடி காலியா இருக்குது" என்று அம்மன் சொன்னதும் பம்பை அடித்தவர் கையை நிறுத்திவிட்டார்.

அம்மன் இறங்கியிருந்தது தேசப்பனின் மனைவி தேவகி மேல். ஆடி வெள்ளியில் ஏரிக்கரை மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில் யார் மேலாவது சாமி வரும். கூழ் ஊற்றச் சொல்லும், காற்று எப்போது திரும்பும் என்று சொல்லும். வாடகை வீடு பார்த்துக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

தேசப்பனுக்கு ஏரியை விட்டுப் போக மனமில்லை. பொன்னேரியில் படகை எங்கே கட்டுவது? கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. அங்கே எந்த மாடி காலி என்று அம்மனுக்கு எதற்குத் தெரியவேண்டும்? தேவகிக்குத் தெரியும். தினமும் மீன் கூடையோடு பொன்னேரிக்குப் போகிறவள் அவள். ஜமுனா அவளுடைய வாடிக்கைக்காரி.

கேட்டதற்கு, தனக்கு ஒன்றுமே நினைவில்லை என்றாள் தேவகி. அம்மன் என்ன சொன்னது என்பதையே பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாளாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வளைய வந்தாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி ஜமுனாவைப் போய்ப் பார்த்தான். மாடிக்குக் குடிவந்தால் அங்கேயே கருவாடு காயவைப்போம், வாசம் தெருமுனைவரை வரும் என்று பணிவாகச் சொன்னான். வீடு இல்லை என்று ஜமுனா சொல்லிவிட்டார்.

நிம்மதியாகத் திரும்பியவன், பூசாரி அங்கமுத்துவிடம் சந்தேகத்தைக் கேட்டுவைத்தான்.

"உடம்பு தேவகியுது, கொரலும் அவளுது. உள்ள இருக்கிறது யாருன்னு எப்டி கண்டுபுடிக்கிறது?"

"அவளுக்குத் தெரியாதது ஒண்ண கேளு. சொல்லிட்டா அது அம்மன்தான்."

"அம்மன்னா சொன்னத செஞ்சே ஆவணுமா? என் இஷ்டம்னு ஒண்ணு கெடையாதா?"

"யாரு இல்லன்னு சொன்னது? இஷ்டப்பட்டு செய்."

அடுத்த வெள்ளிக்கிழமை தேவகி மேல் மறுபடி அம்மன் வந்தது. தேசப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்:

"புதன்கிழம நான் எங்க போனேன்னு சொல்லு தாயே."

அம்மன் அவனை உற்றுப் பார்த்தது.

"எனக்குத் தெரியும்டா. ஊருக்குத் தெரியவேணாமா? நீயே சொல்லு."

கேள்வி இப்படித் திரும்பும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லி, உள்ளே இருப்பது அம்மனாக இருந்துவிட்டால் கண் போய்விடும். உண்மையைச் சொல்லி, உள்ளே இருப்பது தேவகியாக இருந்துவிட்டால் சோறு போய்விடும். சோறு போனால் பரவாயில்லை என்று முடிவுசெய்து, கருவாட்டுக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னான்.

அம்மன் வாக்கையே தட்டிவிட்டானே என்று ஊர் முணுமுணுத்தது. அந்த வாரம் ஏரியில் யாருக்கும் இறால் சரியாகப் படவில்லை. கரையேறிய ஒவ்வொருவரும் வெறும் கூடையைப் பார்த்துவிட்டு, பிறகு தேசப்பனைப் பார்த்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட அவன் பக்கத்திலிருந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

வேறு வழியில்லாமல் மறுபடி பொன்னேரிக்குப் போனான். கருவாடு என்ற பேச்சையே எடுக்கமாட்டோம் என்று அம்மன் மேல் சத்தியம் செய்தான். ஜமுனா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

குடிபோகிற நாளில் தேவகி சாமான் வண்டியில் திரும்பி உட்கார்ந்து, ஏரி மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். நினைத்ததைச் சாதித்துவிட்டு இது வேறா என்று தேசப்பனுக்கு எரிச்சலாக இருந்தது. பொன்னேரியில் இறங்கியதும் அவள் பால் காய்ச்சும் பாத்திரத்தோடு மாடிக்குப் போய்விட்டாள்.

வாசலில் நின்ற ஜமுனா அவள் போவதையே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏங்க, நீங்க எங்கிட்ட வந்து கருவாட்டுக் கதை சொன்னதுக்கு மொத நாள்தான் உங்க வீட்டுக்காரம்மா வந்து, 'எங்க வூட்டுக்காரரு வந்து கேட்டா வீடு இல்லைன்னு சொல்லிடுக்கா, ஏரிய வுட்டுட்டு என்னால வரமுடியாது'ன்னு அழுதுட்டுப் போனாங்க. இப்ப மனசு மாறிட்டாங்கன்னு நெனச்சுதான் சாவி குடுத்தேன், மொகத்த பாத்தா அப்டி தெரியல. அவங்களுக்கும் இஷ்டமில்ல, உங்களுக்கும் இஷ்டமில்ல. அப்புறம் யாருங்க உங்கள இங்க வரச் சொன்னது?"